எண்ணெய் வேண்டா வண்டி

சுற்றாடலுக்கு இணக்கமான வண்டி என்னும் தொடர் இன்று யாவர் வாயிலும் பயில்கின்றது. பத்திரிகைகளின் முழுப்பக்க விளம்பரங்களிலே பச்சை நிறத்தில் அது மிளிர்கின்றது. அவற்றைக் காணுமொருவர், புகை கக்காத ஊர்தியென்பது நேற்றுக் கடல் கடந்து வந்த புதுமையென்றே கருதுவர். யாழ்ப்பாணத்தார் அவ்வாறு கருதுவதுதான் வியப்பு. எண்ணெயின்றி நடமாடுவது எங்ஙனம் என்னும் பாடத்தை இக்குடாநாடு நம் வாழ்நாளிலேயே இருமுறை கற்றது, இருமுறையும் மறந்தது. விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆசிரியர் பெருமையையும் விளையாட்டுப் போட்டிகளின் வெற்றியையும் பிறர் எழுதுவர் என நம்பி, யான் இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன். இதன்கண் ஒரு விண்ணப்பமும் உண்டு. அதனைப் பிற்பகுதியிற் கூறுவேன்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், பற்றரி முதலியன வருதல் தடுக்கப்பட்டது. மின்சாரம் நின்றது, புகையிரதம் நின்றது. அவ்வாறு நின்ற புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேதான். தொண்ணூறுகளின் முற்பகுதியில் இங்கு வாழாத பழைய மாணவருக்கும், அப்போது பிறந்திராத இன்றைய மாணவருக்கும் அந்நாளைய வீதிகளைச் சொற்களாற் காட்டுவது எளிதன்று. பெற்றோல் மருந்துபோல அளந்து விற்கப்பட்டது. அதனை நிறைய வாங்க இயலாதார் மண்ணெண்ணெயிலே வண்டியோட்டினர்.

இஃது எவ்வாறு இயன்றது என்பதைப் பௌதிகவியல் கற்கும் மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குட் செலுத்தி இயந்திரத்தை முதலில் எழுப்புவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். அச்சில துளிகளைப் பீச்சுவதற்குக் குழந்தைகளின் பாற்சூப்பி உதவியது! பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளின் இயந்திரங்கள் குறைந்த அமுக்கமுடையவை. அதனால் இவ்வவமதிப்பைப் பொறுத்துக்கொண்டன. பிற்காலத்து வண்டிகள் பொறுக்கவில்லை. பிரித்தானியாவிலே உழவு இயந்திரங்கள் முன்னர் இதே முறையில், பெற்றோலில் எழும்பி, பின் மண்ணெண்ணெய்வகை எரிபொருளுக்கு மாறி ஓடின. நமது ஊர் மெக்கானிக்குமார் அதனை எந்த நூலிலும் படித்தறிந்தாரல்லர், தேவை கற்பித்தது.

எனினும் இதனைப் பசுமைப் போக்குவரத்து என்று இன்று சிலர் புகழ்ந்து பேசுவதை யான் ஒப்புக்கொள்ளேன். மண்ணெண்ணெயில் ஓடிய வண்டியின் பின்னே சென்றவர்க்குத் தெரியும், அந்த வெண்புகை கண்ணையும் நெஞ்சையும் எவ்வாறு எரித்ததென்பது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் இயந்திரத்தின் மசகெண்ணெயிற் கலந்து அதனைத் தண்ணீராக்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பாவிற் பல இலட்சம் வண்டிகள் விறகையும் கரியையும் வாயுவாக்கி ஓடின. அவ்வாயுவிலுள்ள காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் நஞ்சு. போர் முடிந்ததும் அவ்வண்டிகளை எவரும் விரும்பி வைத்திருக்கவில்லை. இடுக்கணிற் பிறந்த சூழ்ச்சியெல்லாம் அறமாகிவிடாது. வியக்கத்தக்கது வேறு, பின்பற்றத்தக்கது வேறு.

அக்காலத்திலே வியக்கவும் பின்பற்றவும் தக்கதாயிருந்தது ஒன்றே. அது துவிச்சக்கரவண்டி. எழுத்திலே துவிச்சக்கரவண்டி என்போம். வீட்டிலே சைக்கிள் என்போம். ஆசிரியர் அதிற் சென்றார். வைத்தியர் அதிற் சென்றார். அரச உத்தியோகத்தர் சென்றார். கரியரில் இரண்டு மூடை, பாரிற் ஒரு பிள்ளை, கைபிடியில் ஒரு வாளி என ஒரு குடும்பத்தின் முழுச் சுமையையும் அது தாங்கியது. சேலையணிந்த தாய்மாரும் ஆசிரியைகளும் வீதியிலே தனித்துச் சைக்கிளோட்டிச் செல்வதை வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவாகக் காணமுடியாதிருந்தது. பெண்கல்வி பற்றிய மேடைப்பேச்சுக்கள் செய்யாததை அந்த இரும்புச் சட்டகம் செய்தது என்றுகூட யான் சொல்லத் துணிவேன். இரவிலே அதே வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். நான்கு இருவாயிகளை இணைத்து ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சுற்றை, உயர்தர வகுப்பில் வரைந்து புள்ளி பெற்றோர் பலர். வானொலி பேசுவதற்காகச் செய்து பார்த்தோர் அந்தத் தலைமுறையினரே.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் அடியடியாக நகர்ந்தனர். அந்நெரிசலிலே சைக்கிளை ஓட்ட இடமிருக்கவில்லை. உருட்டினார்கள். முதிய பெற்றோரைக் கரியரிலே இருத்தி, ஒருவர் பின்னிருந்து தாங்க, ஒருவர் முன்னின்று உருட்டினர். அதனைக் கண்டவர்கள் சைக்கிளை ஏழையின் வண்டியென்று இகழக் கேட்டால் வாளாவிருத்தல் அரிது.

பாதை திறந்தது, எண்ணெய் வந்தது, தவணைமுறையில் மோட்டார்ச் சைக்கிளும் வந்தது. றலியும் லுமாலாவும் கோடிப்புறத்துச் சுவரிற் சாய்ந்தன. பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, ஏப்பிரல் மாதத்திலே நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென அறிவித்தது. யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த பிறவற்றுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. எரிபொருள் நிலையங்களின் முன் இரவும் பகலும் மக்கள் கிடந்தனர், பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது தெற்கே சைக்கிளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இங்கோ, கோடிப்புறத்திலிருந்த பழைய வண்டிகளைத் தூசி தட்டி எடுத்தோம். துருப்பிடித்த சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட்டவர்களும் உண்டு. (அது தவறு, தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.) யூலையிலே கியூஆர் அட்டை முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் எனப் பங்கிடப்பட்டதும், சைக்கிள் மறுபடி சுவருக்குச் சென்றது.

இவ்வாறு மறப்பவர் நாம் மட்டுமல்லேம். சோவியத் நாடு வீழ்ந்தபின் எண்ணெய் வரவு அற்றுப்போன கியூபா, சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள்களை இறக்குமதி செய்தது. எண்ணெய் மீண்டதும் அங்கும் அவை மறைந்தன. மறவாத நாடு ஒன்றுண்டு. ஒல்லாந்தர் பிறவியிலேயே சைக்கிளோட்டிகள் என்று நம்மவர் நினைப்பர். உண்மை வேறு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அவர்களும் கார்களுக்காக நகரங்களை இடித்து வீதியை அகலித்தவர்களே. 1971ஆம் ஆண்டு ஒன்றிலேயே அந்நாட்டு வீதிகளில் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் விபத்துக்களில் இறந்தனர். பெற்றோர் வீதிக்கு இறங்கினர். குழந்தைக் கொலையை நிறுத்துக என்பதே அவர்தம் இயக்கத்தின் பெயர். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தது. அதன்பின்னரே சைக்கிளுக்குத் தனிப்பாதை வகுக்கும் கொள்கை உறுதிப்பட்டது. கருதத்தக்கது யாதெனில், அங்கே எண்ணெய் தட்டுப்பட்ட காலத்திலே பாதை வகுத்தார்கள்; எண்ணெய் திரும்பிய பின்னும் பாதை இருந்தது. நாமோ இருமுறையும் வண்டியை மட்டும் எடுத்தோம், பாதையை வகுக்கவில்லை.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 8000 கிலோகலோரி. சமதரையிலே சைக்கிளோட்டுபவர் ஒரு கிலோமீற்றருக்குச் செலவிடுவது ஏறக்குறைய 25 கிலோகலோரி. எனவே மனிதன் பெற்றோலை அருந்தி உயிர்வாழ வல்லவனாயின், ஒரு லீற்றரில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற் செல்வான். யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரத்தைத் தாண்டிவிடுவான். ஐந்து கிலோமீற்றர் தொலைவிலிருந்து கல்லூரிக்கு வந்து திரும்பும் மாணவனுக்கு வேண்டுவது 70 கிராம் அரிசி தரும் சக்தி. ஒரு சிறங்கை அரிசி! அதே மாணவனைத் தந்தையார் காரில் ஏற்றி இறக்கினால், போய் வருதல் இருமுறை, நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர். நகர்ப்புற ஓட்டத்தில் 1.6 லீற்றர் பெற்றோல். பாடசாலை நடைபெறும் நாட்கள் 190 எனக் கொண்டால் ஆண்டுக்கு 300 லீற்றர். ஒரு லீற்றர் எரிந்தால் 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிவரும். ஆக ஒரு பிள்ளையைப் பள்ளிக்கனுப்ப ஆண்டுக்கு 700 கிலோகிராம் கரிவளி. காலை ஏழரை மணிக்குக் கல்லூரி வாயிலில் வந்து நின்று பாருங்கள். கணக்கு முழுவதும் அங்கே வரிசையாய் நின்று ஒலியெழுப்பும்.

மின்சாரக் கார் இதனைத் தீர்த்துவிடும் என்பர். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபின், மின்கார்கள் பெருமளவில் வந்திறங்கின. யான் அவற்றுக்குப் பகைவனல்லன். பெற்றோல் இயந்திரம் எரிபொருளின் வெப்பத்திலே காற்பங்குக்குச் சற்று மேலாக மட்டுமே இயக்கமாக்கும். மின்மோட்டார் பத்தில் எட்டு ஒன்பது பங்கை இயக்கமாக்கும். எண்ணெய் நிலத்தடி நீருக்குச் செய்யும் கேட்டையும் நாம் அறிவோம். சுண்ணாம்புக்கல்லின்மேல் வாழும் நமக்குக் கிணறே உயிர். சுன்னாகத்து எண்ணெய் மின்னிலையக் கழிவினாற் கிணறுகள் மாசுற்ற வழக்கிலே, 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மக்களுக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. எண்ணெய் குறைவது எவ்வழியிலாயினும் நமக்கு நன்றே.

ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்று கேட்டல் வேண்டும். சிறிய மின்கார் ஒன்று நூறு கிலோமீற்றர் ஓட 15 அலகு மின்சாரம் கொள்ளும். அவ்வலகுகள் யாவும் நுரைச்சோலையிலே நிலக்கரி எரித்துப் பெற்றவையாயின், அலகொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரிவளியாக 15 கிலோகிராம் வெளிவரும். ஆறரை லீற்றர் பெற்றோல் எரித்து அத்தூரம் ஓடும் காரும் அதே 15 கிலோகிராமையே கக்கும். நல்லவேளையாக நமது மின்சாரத்திலே நீர்வலுவுக்கும் பெரும்பங்குண்டு. ஆதலால் மின்கார் உண்மையில் மேலானதே. எந்நேரத்தில் மின்னேற்றுகிறோம் என்பது அதனினும் முக்கியம். 2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, பகலில் வெயிலால் மின்சாரம் மிகுந்துவிட்டதெனக் கூறி, கூரைமேற் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிகுந்து வழியும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரவில் நிலக்கரியால் வண்டிக்கு மின்னேற்றும் நாட்டில் பச்சை நிற விளம்பரத்துக்கு என்ன பொருள்?

இன்னொன்று. காரொன்றின் மின்கலத்தொகுதி ஏறத்தாழ 50 அலகு கொள்வது. முந்நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரமுடையது. மின்மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு அரை அலகே போதும், மூன்று கிலோகிராம். ஒரு காருக்கு வேண்டிய கலத்தினால் நூறு பேரைச் சைக்கிளிலே கொண்டு செல்லலாம். கார் வாங்கும் வசதியுள்ளோர் வாங்குக. ஆயின் கல்லூரி தன் சிந்தனையைச் செலுத்தவேண்டியது அந்த நூறு பேர் மீதே.

இதிலே கைத்தொழிலுக்கும் இடமுண்டு. சைக்கிள் ஒன்றை மின்சைக்கிளாக்குதல் மாணவருக்கு எட்டாத வேலையன்று. சில்லின் நடுவே அமையும் 250 உவாற்று மோட்டார், அதனைக் கட்டுப்படுத்தும் சிறு பெட்டி, மின்கலம், பிறேக்கைப் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் ஆளி: இவ்வளவே உறுப்புக்கள. சாதாரண மனிதன் நெடுநேரம் மிதித்துத் தரும் வலு 75 முதல் 100 உவாற்று வரையே. ஆகவே 250 உவாற்று என்பது இருவர் மூவர் கூட வந்து மிதிப்பதற்கு ஒப்பு. சோளகம் வீசும் மாதங்களிலே பண்ணைத் தாம்போதியில் தீவுப்பக்கமாக எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நமது குடாநாட்டில் மலையில்லை; காற்றே நமது மலை.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். காணொளி பார்த்து, பழைய மடிக்கணினிகளிற் கழற்றிய இலிதியக் கலங்களைப் பற்றாசு வைத்து ஒட்டும் இளைஞர் சிலரை அறிவேன். வெவ்வேறு வயதுடைய கலங்களை ஒரே தொகுதியிற் கட்டினால் ஒன்று மற்றொன்றை வருத்தும்; மிகுதியாக மின்னேறியது தீப்பற்றும்; அத்தீ தண்ணீர்க் குடத்துக்கு அடங்குவதன்று. மின்கலத்தைச் செய்ய முயலாதீர்கள், காவற்சுற்றுடன் கூடியதை வாங்குங்கள், படுக்கையறையில் மின்னேற்றாதீர்கள். வேகம் கூடியபின் பழைய இறப்பர்க் கட்டைப் பிறேக் போதாதென்பதையும் மறவாதீர்கள். வீதியிலே ஓட்டுமுன் சட்டம் யாது கூறுகின்றதென மோட்டார் வாகனத் திணைக்களத்தில் விசாரித்தறிதல் முதற் கடன்.

மின்சாரமே வேண்டாத வேலைகளும் உள. கழித்த சைக்கிளின் இரண்டு சில்லுகளையும் சில அடி இரும்புக் குழாயையும் கொண்டு, சைக்கிளின் பின்னாலே பூட்டும் சிறு இழுவைவண்டி செய்யலாம். தோட்டத்து வெங்காயத்தையும் மரக்கறியையும் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுவர அதனினும் மலிவான வண்டி யாது? ரியூப் ஒட்டவும், சில்லு நெளிவெடுக்கவும், போல்ஸ் மாற்றவும் அறிந்த மாணவன் இன்று எத்தனை பேர்? முன்னர் சந்திக்குச் சந்தி இருந்த சைக்கிள் கடைகளில் முதியவர்களே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் பின் அத்தொழிலை எடுப்பாரில்லை. தொழினுட்பப் பாடத்துக்குப் பரீட்சை வைக்கின்றோம். சங்கிலி கழன்றால் தந்தைக்குத் தொலைபேசி எடுக்கின்றான் பிள்ளை.

இனி விண்ணப்பம். விழா நிதியிலிருந்து கல்லூரிக்குக் குளிரூட்டிய பேருந்தொன்று வாங்குதல் வேண்டுமென்று பழைய மாணவர் சிலர் விரும்புவதை அறிவேன். வெளிநாடுகளிலுள்ள நண்பர்கள் அன்பினாலேயே அதற்குப் பொருள் தர முன்வந்துள்ளனர். அவர்கள் மனம் நோகாதிருக்க வேண்டுகின்றேன். பேருந்து ஆண்டிலே சில முறை விளையாட்டுக் குழுவையும் சுற்றுலாவையும் கொண்டு செல்லும். ஏனைய நாட்களில் நிற்கும். நிற்கும்போதும் சாரதிக்கும் காப்புறுதிக்கும் ரயருக்கும் பணம் கேட்கும். தேவையான நாட்களில் வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். அப்பொருளின் ஒரு பகுதியைக் கொண்டு சைக்கிள் கொட்டகை ஒன்றும், அதனோடு சேர்ந்த பட்டறை ஒன்றும் அமைத்தல் கூடும். இப்போதுள்ள கொட்டகை இடம் போதாதது. வெயிலில் நிற்கும் வண்டியின் ரயர் மாலைக்குள் வெடிக்கும் நிலையை அடைகின்றது. கூரையின்மேற் சூரியத் தகடு பதித்தால், பாடசாலை நேரமே வெயில் நேரமாதலால், மின்சைக்கிள்களுக்குப் பகலிலேயே மின்னேற்றலாம்.

பட்டறைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டா. சாவிகள், சில்லு நேராக்கும் தாங்கி, காற்றடிக்கும் பம்ப், ஒரு நீண்ட மேசை. முன் கூறிய முதிய சைக்கிள் கடைக்காரர் ஒருவரை வாரத்தில் இரண்டு பிற்பகல்களுக்கு வேதனம் கொடுத்து அழைத்தல் வேண்டும். அவரை ஆசிரியர் என்றே மாணவர் அழைத்தல் வேண்டும். இதில் யான் விட்டுக்கொடேன். பழைய மாணவர் தத்தம் வீட்டுக் கோடியிற் கிடக்கும் வண்டிகளைக் கொடுத்தால், மாணவரே அவற்றைச் செப்பனிட்டு, தூரத்திலிருந்து நடந்துவரும் பிள்ளைகளுக்கு வழங்கலாம்.

மறுப்புக்கள் சில வரும். வெயில் என்பர்; நாங்களும் இதே வெயிலிலேதான் வந்தோம் என்று பதிலிறுத்தல் முதியோர் வழக்கம்; யான் அதனைக் கூறேன். வெயில் உண்மையாகவே கடுமையாகி வருகின்றது, மரங்களும் குறைந்துவிட்டன. ஆயின் காலை ஏழு மணி வெயில் இன்னும் எவரையும் சுடவில்லை. தகுதிக்குறைவு என்பர், அதற்கு விடை நாவற்குழிப் பாலத்திலே கூறப்பட்டுவிட்டது. வீதி அபாயமானது என்பர். இம்மறுப்பை மட்டும் தலைவணங்கி ஏற்கின்றேன். தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தும் பெருவீதியிலே பதினொரு வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாயும் அஞ்சுவாள், அஞ்சத்தான் வேண்டும். அவ்வச்சத்துக்குக் காரணம் சைக்கிளன்று, மோட்டாரின் வேகம். உள்ளூர் ஒழுங்கைகள் வழியாகக் கல்லூரியை அடையும் பாதைகளைச் சாரணர் குழுவினர் நடந்து அளந்து வரைந்து கொடுக்கலாம். காலையிலும் பிற்பகலிலும் அரை மணிநேரம் கல்லூரி வாயில் வீதியில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவைக்குமாறு மாநகர சபையையும் பொலிசாரையும் பழைய மாணவர் சங்கம் எழுத்து மூலம் கேட்கலாம். பேருந்துக்குக் கடிதம் எழுதும் சங்கம் இதற்கும் ஒரு கடிதம் எழுதுதல் பெரும் பாரமன்று.

அடுத்த பொதுக்கூட்டத்திலே இதனைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். கொட்டகைக்குரிய இடம் வடக்கு மதிலோரம், கிணற்றுக்கும் பழைய ஆய்வுகூடத்துக்கும் இடையே உள்ளது. அங்கு நிற்கும் புளியமரத்தை வெட்டவேண்டியதில்லை, அளந்து பார்த்தாயிற்று.